ஜெஃப்ரி பாவாவும் நான் மூடிய முற்றமும்

கேள்வி: இலங்கையின் ஜெஃப்ரி பாவாவை "கலையையும் இயற்கையையும் நேசித்த கட்டடக் கலைஞர்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 38 வயதில்தான் அவர் தகுதி பெற்றார் என்பது உண்மையா? அப்படி என்னதான் செய்துவிட்டார்?

உண்மைதான். 1919 ஜூலையில் பிறந்தவர், லண்டனில் கட்டடக்கலைப் படிப்பை முடித்தது 1957இல். கணக்குச் சரியாகவே வருகிறது.

வயதை இவ்வளவு அக்கறையாகக் கேட்பதைப் பார்த்தால், நீங்கள் முப்பதைத் தாண்டியவர், செய்கிற வேலை கசந்துபோய் வேறு ஏதாவது படிக்கலாமா என்று யோசிப்பவர் என்று தோன்றுகிறது. தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். சரியென்றால், இந்த மனிதரை உதாரணம் காட்டி வீட்டில் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். அவருடைய தந்தை கொழும்பில் பெயர் பெற்ற வழக்கறிஞர். மகன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் லண்டனில் சட்டமும் படித்துவிட்டு வந்து, கொஞ்சக் காலம் தானும் வழக்கறிஞராக இருந்து, 1946இல் தாயார் இறந்ததும் தொழிலை விட்டுவிட்டு உலகம் சுற்றப் போனார். இத்தாலியில் ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே இருந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தார். உங்களுக்கும் எனக்கும் அப்படியான யோசனைகள் வருவதில்லை. "இது பணக்காரர் கதைதானே" என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். ஆமாம், பணக்காரர் கதைதான். ஆனால் அந்தக் காலத்து இலங்கையில் தோட்டமும் காரும் வைத்திருந்த பணக்காரர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை இன்று யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

நான் கட்டடக் கலைஞன் அல்ல. பேராதனையில் படித்து, அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பாலங்களும் பாடசாலைக் கட்டடங்களும் கட்டி ஓய்வு பெற்ற பொறியியலாளன். ஊர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில். பாவாவை நான் நேரில் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், அவர் செய்ததற்கு நேர் எதிரான ஒன்றை என் கையாலேயே செய்திருக்கிறேன் என்பதுதான்.

முதலில் அவர் செய்தது. 1948இல் நாடு திரும்பியவர், பெந்தோட்டைக்குப் பக்கத்தில், தெத்துவ ஏரியை ஒட்டி, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்க என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் உப்பாறு. அண்ணன் பெவிஸ் பாவா அதே பகுதியில் ஏற்கெனவே அழகான தோட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தார். தம்பிக்கும் அந்த ஆசை. ஆனால் மனதில் இருப்பதைத் தரையில் கொண்டுவரும் தொழில் நுணுக்கம் தெரியவில்லை. அதைக் கற்கத்தான் கட்டடக்கலை படிக்கப் போனார். தொழிலுக்கு முன்னால் தோட்டம் வந்துவிட்டது. இந்த வரிசையைப் பலர் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

இயற்கையை நேசித்தார் என்றால் செடியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று எண்ண வேண்டாம். ரப்பர் மரங்களை வெட்டினார். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே நின்ற கறுவாக் குன்று என்ற மேட்டின் உச்சியைச் செதுக்கி இறக்கினார், அப்பால் உள்ள நீர் தெரிய வேண்டும் என்பதற்காக. குறுக்கே போகும் ஊர் வீதி கண்ணில் படாதபடி பள்ளத்துக்குள் மறைந்திருக்கிறது. அலரி மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவை தாழ்ந்து படர்ந்து வளரும்படி செய்தார். (தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம், கோயில் வீதிகளில் வெள்ளையாகப் பூக்கும் மரம். நீங்கள் வேறு பெயர் சொல்வீர்கள்.) தோட்டத்தில் அங்கங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஓசை வேறு. எந்த மணி அடிக்கிறது என்பதை வைத்தே ஐயா எங்கே உட்கார்ந்திருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோவது என்று வேலையாட்களுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது ஆண்டுகள் இதையே செய்துகொண்டிருந்தார். 1998இல் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போனது. 2003 மே மாதம் இறந்தபோது சாம்பலும் அந்தக் கறுவாக் குன்றுக்கே போய்ச் சேர்ந்தது.

இனி என் கதை.

எங்கள் வீடு பேரனார் கட்டிய நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் விறாந்தை, பனஞ்சிலாகையில் ஓடு. மழை பெய்தால் நான்கு கூரையிலிருந்தும் நீர் முற்றத்துக்குள் இறங்கும். அம்மா வாளிகளை வரிசையாக வைப்பாள். 1995 இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கூரை இல்லை, பின் சுவரில் ஷெல் துளை. அதைத் திருத்தி அம்மா அங்கேயே இருந்தாள்.

2011இல் அண்ணா ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பினார். மாடி வீடு வேண்டும், நான்கு அறை, அறைக்கொரு குளியலறை. வரைபடம் போட்டவன் நான். பழைய வீட்டைச் சுற்றி நடந்துகூடப் பார்க்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடு, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. மூன்று நாளில் இடித்தாயிற்று. சிலாகைகளையும் தீராந்திகளையும் ஒரு டிராக்டர்காரர் இரண்டு நடையில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல விலை கிடைத்தது என்று அண்ணாவுக்குப் பெருமையாகச் சொன்னேன். முற்றம் இருந்த இடத்துக்கு மேலே கொங்கிறீட் தட்டுப் போட்ட அன்று அம்மா வந்து நின்று மேலே பார்த்துவிட்டு, "இனி மழை எங்கே விழும்?" என்று கேட்டாள். குழாய் வைத்திருக்கிறோம் அம்மா, வெளியே போய்விடும் என்றேன். நல்ல பதில் சொன்ன திருப்தி எனக்கு.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிற மழைநீர்தான் எங்கள் கிணறு. அந்த மண்ணில் ஒரு பொறியியலாளன் மழைநீரைக் குழாய் வைத்து வீதிக்கு அனுப்பினான், மிச்ச வளவுக்கும் சீமெந்துக் கல் பதித்தான்.

குடிபூரலுக்கு அண்ணா குடும்பத்தோடு வந்தார். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் போக முடியவில்லை. அன்று வாஸ்து பார்த்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேசன்மாருக்கு வேட்டியும் காசும் கொடுத்தார்கள், அது முறை. ஆறு மாதம் வெயிலில் நின்றவன், கம்பிக் கணக்குப் போட்டவன், ஒரு சதம் வாங்காதவன், அவனிடம் வந்து வாகனங்களை ஒழுங்காக நிறுத்துகிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். வீடியோவில் நான் ஒரே ஓர் இடத்தில் வருகிறேன், கையைக் காட்டி ஒரு வானைப் பின்னால் எடுக்கச் சொல்லும் இடத்தில்.

இந்தப் புண் இருப்பதால்தான் பாவாவைப் பற்றிப் படிக்கும்போது என் கண் வேறொரு பெயரைத் தேடும். பூலோகசுந்தரம். 1960களின் பிற்பகுதியில் டென்மார்க்கைச் சேர்ந்த கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னர் பிரிந்து போன பிறகு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாவாவின் பங்காளியாக இருந்த பொறியியலாளர். பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல், கோட்டே பாராளுமன்றம் எல்லாம் அந்தக் காலத்து வேலைகள். பாவா கையைக் காற்றில் அசைத்துக் காட்டியதைக் கம்பியும் கொங்கிறீட்டுமாக நிற்க வைக்க ஒருவர் வேண்டாமா? தமிழர் என்பதால் தூக்கிப் பிடிக்கிறேன் என்பீர்கள். கொஞ்சம் அதுவும்தான். பொறியியலாளர் என்பதால் அதைவிட அதிகம்.

நியாயமாகப் பேசினால், பாவா தன்னைச் சுற்றிக் கலைஞர்களையே வைத்திருந்தவர். பெந்தோட்டை ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரை முழுக்க ஏனா டி சில்வாவின் பத்திக் துணி. பாராளுமன்றத்தில் தொங்கும் வெள்ளி ஓலை விளக்கு லக்கி சேனநாயக்கவுடையது. கந்தளமை ஹோட்டலில் மாடிப்படிக்கு மேல் சிறகு விரித்து நிற்கும் ஆந்தையும் அவர் கைவேலை. சுவர் கட்டி முடித்த பிறகு படம் வாங்கி மாட்டுகிற வழக்கம் அங்கே இல்லை, கலைக்கு இடம் விட்டே சுவர் வந்தது.

பாராளுமன்றத்தைப் பற்றி ஒரு தமிழன் புகழ்ந்து எழுதினால் முறைப்பவர்கள் இருக்கிறார்கள். 1982இல் திறந்த கட்டடம். அடுத்த ஆண்டிலேயே எங்கள் பிரதிநிதிகள் அதில் உட்கார முடியாமல் போனது. அதற்குக் கூரையைக் கோபித்து என்ன பயன்? சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி ஏரியாக்கி, நடுவில் செப்புக் கூரைகளை மிதக்கவிட்டது ஒரு பெரிய வேலை என்பதை மறுக்க என்னால் முடியாது.

எனக்குப் பிடித்தது அதைவிட எளிமையான ஒரு தந்திரம். எங்கள் நாட்டுப் பீலி ஓடு அழகு, ஆனால் அடைமழையில் ஒழுகும். நெளிவுத் தகடு ஒழுகாது, ஆனால் பார்க்கச் சகிக்காது. பாவாவின் அலுவலகம் நெளிவான சீமெந்துத் தகட்டைக் கீழே போட்டு, அதன் பள்ளங்களைப் பிடித்து மேலே ஓட்டை அடுக்கியது. மழைக்குத் தகடு, கண்ணுக்கும் வெயிலுக்கும் ஓடு. நான் முப்பது ஆண்டுகள் இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தியவன். சேர்த்துப் போடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

என் இளைய மகள் மொறட்டுவையில் கட்டடக்கலை படித்தாள். அவள்தான் 2018இல் என்னை லுணுகங்கவுக்கு இழுத்துப் போனாள். தோட்டத்தை நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய். முழங்கால் வலி, சரிவான பாதை, நுளம்பு. பிறகு ஏனா டி சில்வாவின் வீட்டுக்குள் போனோம். அது அங்கே கட்டிய வீடு அல்ல. 1960இல் பாவா கொழும்பில் அவருக்காக வரைந்தது. வெள்ளைக்காரர் பாணி பங்களாக்கள் பெருகியிருந்த நகரத்தில், வெளியே மதிலும் உள்ளே முற்றமுமாகத் திரும்பவும் நம்முடைய பழைய வீட்டை யோசித்தார். பல ஆண்டுகளுக்குப் பின் நிலம் கைமாறியபோது வீட்டை இடிக்கவில்லை, பிரித்தார்கள். ஓடு, கதவு, தூண், தரைக்கல் என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கொண்டுவந்து லுணுகங்கவில் மீண்டும் கூட்டினார்கள்.

நடுமுற்றத்தில் ஒரு மரம், பழைய ஆட்டுக்கல்கள், சுற்றிலும் விறாந்தை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, எங்கள் வீடும் இப்படித்தானே இருந்தது?"

இப்படி இல்லை. எங்களுடையது இதைவிடச் சிறியது, தூண் மெலிந்தது, சுவரில் கரி. ஆனால் இப்படித்தான் இருந்தது. எண் போட்டது என் நினைவுக்கு வரவில்லை. டிராக்டர் இரண்டு நடை போனது மட்டும் நினைவுக்கு வந்தது.

ஆகவே "அப்படி என்னதான் செய்துவிட்டார்" என்ற கேள்விக்கு என் விடை இது. அரசாங்கமோ கம்பெனியோ ஓரிடத்தைக் காட்டினால், அங்கே போய் முதலில் சுற்றிப் பார்த்தார். சீகிரியாவுக்குப் பக்கத்தில் ஹோட்டல் கட்டக் கேட்டவர்களுக்கு, வேண்டாம், தள்ளிப் போய் கந்தளமைக் குளக்கரையில் கட்டுவோம், சீகிரியா தூரத்தில் தெரியட்டும் என்று இடத்தையே மாற்றிக் கொடுத்தார். அங்கே பாறையை உடைக்காமல், அதை ஒட்டி நீளமாகக் கட்டினார். கட்டடத்தைத் தூண்களில் தூக்கி வைத்ததால் மலையிலிருந்து வரும் மழைநீர் அடியால் போகிறது. இன்று கொடிகள் மூடி, குளத்தின் அக்கரையிலிருந்து பார்த்தால் ஹோட்டலைத் தேட வேண்டும். அதைக் கட்ட வந்த காலத்தில் காட்டைக் கெடுக்கப் போகிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மறைத்துவிட்டேன் என்பார்கள். தமிழ்நாட்டவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, 1970களில் அவர் மதுரையில் கட்டிய ஒரு கிளப் கட்டடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

வேலையை விடுவதா என்பதை உங்கள் வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

கோண்டாவில் வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணா குடும்பம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு கிழமை வந்து நிற்கும். நான்கு அறைக்கும் ஏசி ஓடும். அம்மா 2014இல் போய்விட்டாள். சென்ற ஆண்டு மகள் பழைய வீட்டை வரைந்து வைக்க வேண்டும் என்று தாளும் அளவுகோலுமாக வந்து உட்கார்ந்தாள். ஒரு நிழற்படத்திலும் வீடு முழுதாக இல்லை, நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். விறாந்தையின் அகலம், தூண்களின் எண்ணிக்கை, சாமியறை எல்லாம் சொல்லிவிட்டேன். குசினிக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று கேட்டாள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கத்தை விட்டு ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அண்ணா யோசிக்கவே இல்லை. "தெற்கே. கிணற்றடிப் பக்கம். சாரல் அடிக்கும் என்று அம்மா சாக்கைக் கட்டி விடுவாளே, மறந்துவிட்டாயா?" என்றார்.