ரெக்கார்டில் விழுமா? – சிங்கப்பூர் வாசகர்களின் இந்த மாத மனநலக் கடிதங்கள்

உயர்நிலை மூன்றில் இருக்கும் மகள் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாட்டையும் ஒதுக்குகிறாள். எங்கே போவது? – ஈசூன் வாசகி

முதலில் பள்ளி ஆலோசகர். எல்லாப் பள்ளியிலும் ஒருவராவது இருக்கிறார். ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் அரசாங்கப் பலதுறை மருந்தகம். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் மானியக் கட்டணம். நேரே தனியாரிடம் ஓடிவிட்டு, பில்லைப் பார்த்ததும் எனக்கு எழுதாதீர்கள்.

பையன் சரியில்லை. என்ன செய்வது? அவசரம்.

வயது என்ன? எத்தனை நாளாக? படிக்கிறானா, தேசிய சேவையில் இருக்கிறானா? இதெல்லாம் இல்லாமல் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். அப்புறம், அவசரம் என்றால் கடிதம் எதற்கு? தேசிய மனநல உதவி எண் 1771-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 995.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்குப் போடுவார்களாமே?

மாட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் அது குற்றமில்லை. தயங்காமல் உதவிக்கு அழையுங்கள்.

மகன் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறான். தேசிய சேவை மருத்துவப் பரிசோதனையில் சொன்னால் ரெக்கார்டில் விழுமே, மறைத்துவிடலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

கூடாது. பத்துக் கடிதம் வந்தால் நான்கில் இந்த ‘ரெக்கார்டு’ வந்துவிடுகிறது. சர்க்கரை வியாதியை மறைப்பீர்களா? அவன் கையில் துப்பாக்கி கொடுக்கப் போகிறார்கள், தூக்கம் கெடும் பயிற்சி இருக்கிறது. எந்தப் பணிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்ய மருத்துவருக்கு உண்மை தெரிய வேண்டாமா? பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். எத்தனை முறை எழுதினாலும் யாராவது ஒருவர் நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்.

வேலை கிடைக்காது என்ற பயமா? பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறிவிட்டது. மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டி ஒதுக்குவதை அது தடுக்கும். 2027 இறுதியில் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. அது எனக்குக் குறைதான்.

ஆனால் சட்டம் வீட்டுக்குள் வராதே. மனநலக் கழக மருத்துவமனை புவாங்கோக் வட்டாரத்துக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, நம் வாயில் இன்னும் ‘வுட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயர்தான். என் அறையில் ஒரு அம்மா, அடுத்த சந்திப்புக்கான அட்டையைப் பெயர் உள்ளே போகும்படி நான்காக மடித்து, மளிகை ரசீதுக்கு அடியில் செருகினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பையன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை அவன் வரவில்லை.

முகநூலில் பார்த்த ‘கவுன்சலர்’ ஒரு மணி நேரத்துக்கு 200 வெள்ளி கேட்கிறார். நம்பலாமா?

இங்கே அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், உரிமம் தேவையில்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) செல்லுமா?

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றின் வெளிநோயாளர் சிகிச்சைக்கு ஓர் உச்சவரம்பு வரை செல்லும். பிள்ளைக்காகப் பெற்றோர் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். எல்லா மருந்தகமும் இந்தத் திட்டத்தில் இல்லை, போகுமுன் போன் போட்டுக் கேளுங்கள்.