777 போட்டுவிட்டுப் போன கடைக்காரர்

கேள்வி: பாளையங்கோட்டையில் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் இரண்டு டிசைனர்கள் கல்யாணப் பத்திரிகை, கொடை விழா நோட்டீஸ் ஃபைல்களை அனுப்புவதற்காக, ஒரு கடையில் எஸ்எஃப்டிபி சர்வர் (இணையம் வழியே ஃபைல்களைப் பாதுகாப்பாக ஏற்றி இறக்க உதவும் கணினி) அமைத்து வாங்கினேன். ‘நால்வர் சேர்ந்து வேலை செய்யும் வகையில் அமைத்துத் தரப்படும்’ என்று கொட்டேஷனில் இருக்கிறது. ஒருவர் ஏற்றிய ஃபைலை மற்றவரால் திருத்த முடியவில்லை என்றதும், கடைக்காரர் எல்லா ஃபோல்டருக்கும் 777 என்ற அனுமதி எண்ணைப் போட்டுவிட்டுப் போனார். சென்ற வாரம் மெஷினில் நிற்கும் பையன் கைதவறி, அச்சுக்குத் தயாராயிருந்த கொடை நோட்டீஸை அழித்துவிட்டான். இதைச் சரிசெய்ய 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கொட்டேஷனில் ஒப்புக்கொண்ட வேலையைத்தான் அவர் அரைகுறையாக விட்டிருக்கிறார். அதை முடித்துத் தருவது புது வேலையாகாது.

இத்தகைய சர்வர்களை இயக்கும் லினக்ஸில் அனுமதிகளை எண்ணால் குறிப்பார்கள்: படிக்க 4, எழுத 2, ஃபோல்டருக்குள் நுழைய 1 என்று கணக்கு. இவற்றைக் கூட்டி வரும் மூன்று இலக்கங்கள் உரிமையாளர், குழு, மற்றவர் ஆகியோரை முறையே குறிக்கும். எனவே 777 என்பது சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் எதையும் செய்யலாம் என்று திறந்துவிட்டதற்குச் சமம். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: ஒரு ஃபைலை அழிக்கும் உரிமை அந்த ஃபைலின் அனுமதியைப் பொறுத்ததன்று, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதியைப் பொறுத்தது. ஃபைலைப் ‘படிக்க மட்டும்’ என்று வைத்திருந்தாலும் பையனால் அழித்திருக்க முடியும். அவனைத் திட்டிப் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். டிசைனர்கள் இருவரையும் ஒரே குழுவில் சேர்த்து, அவர்கள் வேலை செய்யும் ஃபோல்டரை அந்தக் குழுவின் பெயருக்கு மாற்றி 2770 வைக்கச் சொல்லுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2 இருந்தால்தான், யார் ஏற்றினாலும் புது ஃபைல் குழுவின் பெயரிலேயே உருவாகும். அதோடு எஸ்எஃப்டிபி அமைப்பில் யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் எண்) 002 ஆக இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கும் 022-ஐ அப்படியே விட்டால் ஒருவர் ஏற்றியதை மற்றவரால் திருத்த முடியாது, உங்கள் முதல் புகாருக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அச்சுக்குத் தயாரானவற்றைத் தனி ஃபோல்டரில் 2775 ஆக வைத்து, மெஷின் பையனுக்குக் குழுவில் சேராத தனிக் கணக்குக் கொடுத்துவிட்டால், அவன் பிரதி எடுக்கலாம், அழிக்க முடியாது. குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் செல்லுபடியாகும். அதைச் செய்யாமல் ‘சரியாகவில்லையே’ என்று மறுபடி 777-க்குத் திரும்புபவர்கள் உண்டு.

வேலை முடிந்ததும் கடைக்காரர் எதிரிலேயே ஒரு டிசைனரை ஃபைல் ஏற்றச் சொல்லி, மற்றவரைத் திருத்தச் சொல்லி, பையனை அழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்காரர் சரிசெய்து தர மறுத்தால் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை என்பதால், சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே அச்சகம் நடத்துகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். கொட்டேஷனையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.