ஒரே ஒரு அறைக்கு ஹீட் பம்ப், நாமே மாட்டலாமா? கேள்வி பதில்

வீடு முழுக்கக் கதகதப்பாக இருக்கும், ஒரே ஒரு அறை மட்டும் விறைக்கும். கராஜுக்கு மேலே உள்ள அறை, பின்பக்கம் இழுத்துக் கட்டிய சன்ரூம், பேஸ்மென்ட்டில் தடுத்த ஆபீஸ் ரூம் என்று அமெரிக்காவில் பாதி வீடுகளில் இப்படி ஒன்று உண்டு. அதற்காக வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையோ காற்று போகும் டக்ட்டையோ மாற்ற யாருக்கும் மனசு வராது. டக்ட் இல்லாத மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்ப் (ஊரில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி என்று விற்பது இதுதான்) ஒன்றை வாங்கி நாமே மாட்டினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நான் நியூ ஜெர்சியில் இந்த வேலை செய்கிறவன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): கராஜுக்கு மேலே 12-க்கு 16 அடி அறை. அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் அங்கேதான் தங்குவார்கள், ராத்திரி இரண்டு கம்பளி போட்டும் குளிர்கிறது என்கிறார்கள். கடையில் 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) போதும் என்றார்கள், நண்பர் 18,000 வாங்கு என்கிறார். எது சரி அண்ணா?

இரண்டுமே அதிகம். சதுர அடியை வைத்து அளவு சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், கடைக்காரராக இருந்தாலும் சரி, என்னைப் போன்ற தொழில்காரராக இருந்தாலும் சரி. அறை எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதுதான் கணக்கு.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். மூன்று சுவர் வெளியே பார்த்திருக்கும், சுமாரான இன்சுலேஷன், 40 சதுர அடிக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று வைத்துக்கொள்கிறேன். உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு ஃபாரன்ஹீட் டிகிரி வித்தியாசத்துக்கும் சுவர் வழியாக மணிக்கு 26 பிடியு போகும், ஜன்னல் வழியாக 14, இடுக்கு வழியாகப் புகும் காற்றால் 14, கராஜ் பக்கத் தரை வழியாக 10, கூரை வழியாக 5. மொத்தம் 69. உங்கள் ஊரில் கணக்குக்கு எடுக்கும் கடுங்குளிர் ஏறக்குறைய 12 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே 70 வேண்டும், வித்தியாசம் 58. பெருக்கினால் மணிக்குச் சுமார் 4,000 பிடியு. அவ்வளவுதான்! 9,000 யூனிட்டே தாராளம். 18,000 வாங்குவது ஒரு டம்ளர் பால் காய்ச்ச அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

கணக்குப் போட அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி. வீட்டில் இருக்கும் சாதாரண 1,500 வாட் ஹீட்டர் மணிக்கு 5,100 பிடியு வெப்பம் தரும், எந்த பிராண்டாக இருந்தாலும் இதேதான். நல்ல குளிர் நாள் ஒன்றில், வெயில் போன பிறகு, அறைக் கதவைச் சாத்தி, ஃபர்னஸ் காற்று வரும் துளையையும் மூடிவிட்டு, அந்த ஹீட்டரை மட்டும் சில மணி நேரம் ஓட விடுங்கள் (நேராகச் சுவர் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம், ஆள் பக்கத்தில் இருக்கட்டும்). வெளியே 30, உள்ளே 70-ல் நிற்கிறது, ஹீட்டரும் நிற்காமல் ஓடுகிறது என்றால் 5,100-ஐ 40-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 128 வரும், அதை உங்கள் ஊர்க் கடுங்குளிர் வித்தியாசத்தால் பெருக்கினால் உங்கள் தேவை. விற்பனையாளர் சொல்லும் அளவைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், அறை இடுக்கெல்லாம் காற்று வருகிறதென்றால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். கராஜ் சீலிங்கில் இன்சுலேஷன் இல்லாத வீடுகளில் ஹீட் பம்ப் வைத்த பிறகும் அம்மாவுக்குக் கால் சில்லென்றுதான் இருக்கும், ஏனென்றால் குளிர் தரையிலிருந்து வருகிறது.

கேள்வி (மினியாபொலிஸ்): பெரிசாக வாங்கினால் சீக்கிரம் சூடாகுமே, இன்வெர்ட்டர்தானே, தானாகக் குறைத்துக்கொள்ளாதா?

குறைத்துக்கொள்ளும், ஆனால் ஓரளவுக்குத்தான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் கீழ் வரம்பு ஒன்று உண்டு. பல 12,000 யூனிட்கள் 3,000-க்குக் கீழே இறங்காது. மேலே சொன்ன எடிசன் அறைக்கு வெளியே 45 டிகிரி இருக்கும்போது தேவை 1,700 சொச்சம்தான். அப்போது கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கரண்ட் வீண், சத்தம், கோடையில் ஈரத்தை உறிஞ்சாமல் அறை பிசுபிசுக்கும். குளிர்காலத்தின் பெரும்பகுதி கடுங்குளிர் இல்லை, இந்த மாதிரி நடுவாந்திர நாட்கள்தான். அதனால் மேல் எண்ணைப் பார்ப்பது போலவே கீழ் எண்ணையும் பாருங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பெட்டியில் போட்டிருக்கும் ஹீட்டிங் பிடியு வெளியே 47 டிகிரி ஃபாரன்ஹீட் (8.3 செல்சியஸ்) இருக்கும்போது அளந்தது. மினியாபொலிஸில் 47 டிகிரி என்றால் டி-ஷர்ட் போட்டு வெளியே போவீர்கள்! பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும்போது சாதாரண யூனிட் பாதி கூடத் தராமல் போகலாம், சிலது அணைந்தே விடும். நீப் என்ற அமைப்பு குளிர்ப் பிரதேச ஹீட் பம்ப்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு மாடலுக்கும் 47, 17, 5 டிகிரிகளில் குறைந்தபட்சம், அதிகபட்சம் எவ்வளவு பிடியு என்று தனித்தனியாக இருக்கும். பட்டியலில் இடம்பெற 5 டிகிரியில் சிஓபி 1.75-ஆவது இருக்க வேண்டும், அதாவது ஒரு பங்கு கரண்டுக்கு ஒன்றே முக்கால் பங்கு வெப்பம். உங்கள் மாடல் எண்ணை எழுத்து பிசகாமல் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை வரும், கடைசி எழுத்து மாறினால் யூனிட்டே வேறு.

கேள்வி (ஆஸ்டின்): மிஸ்டர்கூல் மாதிரி "நீங்களே மாட்டலாம்" கிட்டுக்கும் சாதாரண மினி ஸ்ப்ளிட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஊரில் ஏசி மெக்கானிக் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளிவிடுவாரே, அப்படிச் செய்தால் சாதாரண யூனிட்டையே மாட்டிவிடலாமே?

கூடாது. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேஸை வெளியே விடுவது அமெரிக்காவில் கிளீன் ஏர் ஆக்ட் 608-ம் பிரிவின்படி குற்றம், அது ஒரு பக்கம். அதைவிட, காற்று போனாலும் ஈரம் பைப்பிலேயே தங்கும். இந்தக் கம்ப்ரஸர்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை இழுத்து அமிலமாக மாறும் வகை. முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கம்ப்ரஸர் போகும்போது காரணம் யாருக்கும் புரியாது. முறைப்படி வேக்குவம் பம்ப் போட்டு, பைப்புக்குள் இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாதாரண யூனிட்டில் காப்பர் பைப் நுனியை விரித்து ஃபிளேர் போட வேண்டும், டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்க வேண்டும், பிறகு நைட்ரஜன் ஏற்றி லீக் சோதனை, பிறகு வேக்குவம். "நீங்களே மாட்டலாம்" கிட்டில் பைப்புக்குள் ஏற்கெனவே கேஸ் அடைத்து நுனியை மூடியிருப்பார்கள், இணைத்து முறுக்கினால் உள்ளே இருக்கும் அடைப்பு திறந்துகொள்ளும். பம்ப் வேண்டாம். வசதிதான், ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு:

பைப்பை வெட்ட முடியாது. 25 அடி வருகிறதென்றால் உங்களுக்குத் தேவை 8 அடியாக இருந்தாலும் மீதியைச் சுருட்டித்தான் வைக்க வேண்டும். வெளி யூனிட்டுக்குப் பின்னால் படுக்கை வசமாகச் சுருட்டுங்கள், நட்டுக்குத்தலாக வளையம் போட்டால் அடியில் எண்ணெய் தேங்கும். பைப்பைத் தரையில் உருட்டி விரியுங்கள், இழுக்காதீர்கள். ஓரிடத்தில் மடிந்து நசுங்கினால் கிட் முழுக்கப் போச்சு.

முறுக்கும்போது இரண்டு ரெஞ்ச். ஒன்று அசையாமல் பிடிக்க, ஒன்று திருக. முதலில் கையாலேயே மரை நேராக ஏறுகிறதா என்று பாருங்கள், கையால் சுலபமாகப் போகவில்லை என்றால் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம், பலம் காட்டாதீர்கள். ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்தாமல் முழுக்க முறுக்குங்கள். சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். கழற்றிக் கழற்றி மாட்டும் சமாசாரம் இல்லை இது, ஒவ்வொரு தடவையும் கேஸ் போகும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. சாதாரண யூனிட் வாங்கி, சுவரில் ஓட்டை, பிராக்கெட், வயர் இழுப்பது எல்லாம் நீங்கள் செய்து, ஃபிளேர், வேக்குவம் மட்டும் லைசென்ஸ் உள்ளவரிடம் விடலாம். நல்ல குளிர்ப் பிரதேச மாடல்கள் பல இந்த வகையில்தான் கிடைக்கின்றன. மினியாபொலிஸ் மாதிரி ஊராக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும் முன்பே ஆளைப் பேசி வையுங்கள், மற்றவர் மாட்டியதைத் தொட பலர் சம்மதிப்பதில்லை. பல கம்பெனிகள் லைசென்ஸ் உள்ளவர் மாட்டினால்தான் வாரண்டி தரும், அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஆர்-410ஏ என்ற கேஸ் அடைத்த கிட் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

2025 ஜனவரி 1 முதல் வீட்டு ஏசி, ஹீட் பம்ப்களைப் புவி வெப்பமாக்கும் அளவு (கார்பன் டை ஆக்சைடு 1 என்று வைத்தால்) 700-க்கு மேல் உள்ள கேஸில் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று விதி வந்தது. ஆர்-410ஏ 2,088. புதிதாக வரும் ஆர்-454பி 466, ஆர்-32 675. உங்களுக்குக் கிடைப்பது பழைய சரக்கு. ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் உதிரி பாகமும் கேஸும் வருஷம் போகப் போக விலை ஏறும், அதனால் தள்ளுபடி பெரிதாக இருந்தால் மட்டும், அதை இப்போது புதிதாக மாட்ட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய பைப், புதிய யூனிட் என்று கலக்கவே கூடாது.

கேள்வி (குயின்ஸ், நியூயார்க்): வாடகை அபார்ட்மென்ட். சுவரில் ஓட்டை போட முடியாது.

ஜன்னல் ஹீட் பம்ப் பாருங்கள். பழைய ஜன்னல் ஏசி போல ஜன்னலை அடைக்காமல், சேணம் மாதிரி ஜன்னல் விளிம்பின் மேல் உட்காரும். சாதாரண 120 வோல்ட் பிளக் போதும், கேஸ் வேலையே கிடையாது. உங்கள் நகரத்தின் பொது வீட்டுவசதி நிறுவனமே இதற்கென்று போட்டி வைத்து, 2022-ல் கிரேடியண்ட், மிடியா இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 30,000 யூனிட் ஆர்டர் அறிவித்தது. விலை அதிகம்தான், ஆனால் வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். ஜன்னல் மேலும் கீழும் திறக்கும் வகையா, விளிம்பின் ஆழம் எவ்வளவு என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் யூனிட் மட்டும் வேண்டாம், அது அறைக் காற்றை வெளியே தள்ளி, அதற்கு ஈடாகக் குளிர்காற்றை இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும்.

கேள்வி (சார்லட்): கரண்ட் வேலையும் நானே செய்யலாமா? 115 வோல்ட்டா 230-ஆ?

ஒரு அறைக்கு 115 வோல்ட்டே போதும், 9,000, 12,000 அளவில் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் பிளக்கிலிருந்து இழுத்துவிடாதீர்கள். தனி பிரேக்கர், தனி லைன். யூனிட் லேபிளில் குறைந்தபட்ச வயர் ஆம்பியர், அதிகபட்ச பிரேக்கர் என்று இரண்டு எண் இருக்கும், அதன்படி மட்டும் போடுங்கள். வெளி யூனிட்டைப் பார்க்கும் தூரத்தில் டிஸ்கனெக்ட் பெட்டி (கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) வேண்டும். பேனலைத் திறந்து பழக்கம் இல்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பெர்மிட்டும் எடுங்கள். நாளை தீ விபத்து என்று ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): இங்கே சட்டம் எப்படி? அமெரிக்க வரிச் சலுகை மாதிரி ஏதாவது?

ஒன்டாரியோவில் கேஸ் தொடும் வேலைக்கு லைசென்ஸும் ஓடிபி கார்டும் (ஓசோன் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான அட்டை) வேண்டும். சொந்த வீட்டு மின்வேலையைச் சொந்தக்காரரே செய்யலாம், ஆனால் மின் பாதுகாப்பு ஆணையத்திடம் நோட்டிபிகேஷன் போட்டு, சோதனைக்கு விட வேண்டும். சலுகைத் திட்டங்கள் அடிக்கடி மாறும், பெரும்பாலும் பதிவு பெற்றவர் மாட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், வாங்கும் முன் கேளுங்கள். அமெரிக்காவில் 30 சதவீதம், 2,000 டாலர் வரை இருந்த மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

கேள்வி (பாஸ்டன்): மாட்டியாகிவிட்டது. குளிரில் திடீரென்று உள்ளே காற்று நின்றுவிடுகிறது, வெளி யூனிட்டிலிருந்து புகை கிளம்புகிறது. பழுதா?

பழுது இல்லை, அது நீராவி. வெளிக் காயிலில் படிந்த பனியை உருக்க யூனிட் சில நிமிடம் தலைகீழாக ஓடும். உருகிய தண்ணீர் கீழே விழுந்து மறுபடி உறையும், அதனால்தான் வெளி யூனிட்டைத் தரையில் வைக்காமல் உங்கள் ஊர்ப் பனி உயரத்துக்கு மேலே, ஒன்றரை அடி உயர ஸ்டாண்டில் வைக்கச் சொல்வது. நடைபாதைப் பக்கம் வேண்டாம், வழுக்கும். மரச் சட்ட வீட்டில் படுக்கையறைச் சுவரில் பிராக்கெட் அடித்துத் தொங்கவிட்டால் ராத்திரி முழுக்க ரீங்காரம் சுவர் வழியாக வரும், தரை ஸ்டாண்டே மேல்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): உள் யூனிட்டை எங்கே வைப்பது? ரிமோட்டில் 72 வைத்தாலும் அறை 67-ல்தான் நிற்கிறது என்று நண்பர் சொல்கிறார்.

உள் யூனிட் சீலிங் அருகே இருக்கிறது, அதன் சென்சார் மேலே தேங்கும் சூடான காற்றைத்தான் அளக்கிறது. ரிமோட்டில் ஃபாலோ மீ போன்ற பட்டன் இருந்தால் போட்டு, ரிமோட்டைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள், அங்கே உள்ள வெப்பத்தை வைத்து ஓடும். கட்டில் தலைமாட்டுக்கு நேராகக் காற்று அடிக்கும்படி வைக்காதீர்கள், பெரியவர்கள் தங்கும் அறையில் முக்கியமாக. வெளிச்சுவரில் வைத்தால் டிரெயின் (தண்ணீர் வடியும் குழாய்) தானாக வெளியே இறங்கும். மூன்றரை அங்குல ஓட்டையை வெளிப்பக்கம் லேசாகச் சரிய விட்டு, அடிக்குக் கால் அங்குலம் சரிவு வரும்படி டிரெயினை விடுங்கள். ஓட்டை போடும் முன் ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம்), வயர், தண்ணீர்க் குழாய் மூன்றையும் தேடிப் பார்த்துவிடுங்கள். கேஸ் பைப்பை இணைக்கும் முன்பே உள் யூனிட் தட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அத்தனையும் வெளியே வருகிறதா என்று பாருங்கள், அப்போது சரி செய்வது சுலபம்.