ஒரு நுரையீரலை நிறுத்தி அறுவை செய்யும்போது ஆக்சிஜன் குறையுமா? எந்த மயக்க மருந்து நல்லது?

அப்பாவுக்கு வலது நுரையீரலில் அறுவைச் சிகிச்சை என்றும், அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துக்குக் காற்றை நிறுத்திவிடுவார்கள் என்றும் எழுதி, சுவாசத்தில் கொடுக்கும் மயக்க மருந்து நல்லதா, நரம்பில் ஏற்றுவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நெஞ்சு அறுவை அரங்கில் பல ஆண்டுகளாக மயக்க மருத்துவராக இருப்பவன் என்ற முறையில் சொல்வதானால், ஆக்சிஜன் குறையக்கூடும். ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் மருந்து அல்ல.

காற்று நின்றுபோன நுரையீரலிலும் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த இரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்பி மற்றதோடு கலப்பதால் அளவு இறங்குகிறது. இதற்கு உடலே ஒரு மாற்று வைத்திருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத பகுதியின் இரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, இரத்தத்தை மறுபக்கம் திருப்பிவிடும். 1946-இல் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு எழுதினார்கள். ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகள் அளவு கூடக்கூட இந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும், நரம்பில் ஏற்றும் புரோபோஃபால் அநேகமாகத் தளர்த்தாது. ஏட்டுக் கணக்கில் புரோபோஃபால்தான் மேல். ஆனால் இன்று வழக்கமாகக் கொடுக்கும் அளவில் இரண்டுக்குமான வேறுபாடு சிறிது. ஆவி மருந்து பற்றிய இந்த அச்சத்தில் பாதி, ஹாலோத்தேன் என்ற பழைய ஆவி மருந்தின் காலத்தில் பிறந்தது.

உங்கள் அப்பாவைப் போலவே வலப்பக்க அறுவைக்கு வந்த ஒருவருக்கு, ஒற்றை நுரையீரலுக்கு மாற்றிய சிறிது நேரத்தில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒலி சுருதி இறங்கத் தொடங்கியது. நான் திரையைப் பார்ப்பதற்குள் 97 சதவீதம் என்றிருந்தது 86 ஆகிவிட்டது. ஆக்சிஜனை முழு அளவுக்கு உயர்த்திவிட்டு, இரு நுரையீரலுக்கும் தனித்தனியாகக் காற்று விடும் இரட்டைக் குழாய்க்குள் ஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தால், இடப்பக்கக் குழாயின் நுனியிலுள்ள நீல பலூன் சற்று ஆழமாக இறங்கி, இடது நுரையீரலின் மேல் மடலின் (மேல் பகுதியின்) வாயை அடைத்திருந்தது. அதாவது அவர் ஒரு நுரையீரலில்கூட அல்ல, அதன் கீழ் மடலில் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குழாயை ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னுக்கு இழுத்ததும் ஒலி மேலேறியது. ஆவி மருந்தை மாற்றவே இல்லை.

குழாய் சரியாக இருந்தும் இறங்கினால், நிறுத்திய நுரையீரலுக்கு மெல்லிய அழுத்தத்தில் ஆக்சிஜன் விடுவோம். அதுவும் போதாவிட்டால், அறுவை மருத்துவரைச் சற்று நிறுத்தச் சொல்லி இரு பக்கமும் ஊதுவோம். வலது நுரையீரல் பெரியது என்பதால் அந்தப் பக்க அறுவையில் இறக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தும் எபிடூரலும் போடுவார்கள் என்றால், அது முக்கியமாக வலியைக் குறைக்க. அறுவைக்குப் பிறகு அவர் வலியின்றி இருமிச் சளியை வெளியேற்ற அது உதவும்.

ஆகவே மருந்தின் தேர்வை அப்பாவின் மயக்க மருத்துவர்களிடமே விட்டுவிட்டு, குழாய் இருக்கும் இடத்தை, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகும் ஸ்கோப் வைத்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போதுதான் அது பெரும்பாலும் நகர்கிறது.