நள்ளிரவில் நேயரைச் சீண்டும் அறிவிப்பாளர் வேலை: கொழும்பில் வாய் மட்டும் போதுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கொழும்பில் தமிழ் எஃப்எம் ஒன்றில் இரவு 11 மணிக்குப் பிறகு, நேயர்களோடு மல்லுக்கட்டுகிற மாதிரி ஒரு நேரலைத் தொலைபேசி நிகழ்ச்சி செய்ய ஆசை. வெளிநாடுகளில் இப்படியே பேர் எடுத்தவர்கள் இருக்கிறார்களாம். வாய் இருந்தால் போதுமா? எத்தனை காலம் தாக்குப்பிடிக்கலாம்?"

வாய் கடைசித் தேவை. நல்ல தயாரிப்பாளர் ஒருவர் முதலில் வேண்டும். அடுத்தது ஒலியைப் பிந்தி வெளியே விடும் எட்டு வினாடி. அதற்குப் பிறகு காது.

வெளிநாட்டைக் கேட்டதால் அதையே முதலில் சொல்கிறேன். பிரித்தானியாவில் இந்த வகைக்குப் பேர் போனவர் ஜேம்ஸ் வேல். 1970களில் நியூகாசில் மெட்ரோ ரேடியோவின் இரவு நிகழ்ச்சியில் தொடங்கி, லீட்ஸில் ரேடியோ ஏர், பிறகு டோக்ஸ்போர்ட் என்று பல பத்தாண்டுகள் ஓட்டியவர். நேயரை முகத்துக்கு நேரே ஏசுவது, பாதியில் லைனை வெட்டுவது எல்லாம் அவருடைய பாணி. ஆனால் 2008 இல் டோக்ஸ்போர்ட் அவரை வீட்டுக்கு அனுப்பியது ஏச்சுக்காக அல்ல. லண்டன் மேயர் தேர்தலில் போரிஸ் ஜோன்சனுக்கு வாக்களியுங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னதற்காக. அமெரிக்காவில் டென்வரின் கேஓஏ வானொலியில் இனவாதிகளை வம்புக்கு இழுத்த அலன் பேர்கின் கதை இன்னும் மோசம். 1984 ஜூன் 18 இரவு அவருடைய வீட்டு வாசலில் வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று அவரைச் சுட்டுக் கொன்றது. இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தால், நேயரோடு போட்ட சண்டையால் வேலை போனதாகத் தெரியவில்லை. ஒருவரை ஒலிபரப்பு விதி மடக்கியது, மற்றவரை ஸ்டூடியோவுக்கு வெளியே காத்திருந்த பகை முடித்தது.

இங்கே இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: அனுமதிப்பத்திரம். 2007 அக்டோபரில், தெற்கில் புலிகள் தாக்குதல் என்று பொய்ச் செய்தி சொன்னதாகக் குற்றஞ்சாட்டி, ஏபிசி நிறுவனத்தின் அனுமதியை அரசு இரத்துச் செய்தது. ஹிரு, சூரியன் உட்பட ஐந்து வானொலிகள் ஒரேயடியாக மௌனமாகின. அதாவது ஒரு ஒலிவாங்கியின் பிழை பக்கத்து ஸ்டூடியோவில் பாட்டுப் போடுகிறவரின் வேலையையும் சேர்த்துக் கொண்டுபோகும். முகாமையாளர் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை.

இனி வேலைக்கு வருவோம்.

நள்ளிரவில் யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் தலைப்பு எடுக்க முடியாது. கொழும்பில் இரவுக் காவல்காரர், பேக்கரி அடுப்படியில் நிற்கிறவர், ஓட்டோக்காரர், பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிச் சாரதி. அதோடு கடல் கடந்தவர்கள். இங்கே 12 மணி என்றால் துபாயில் 10.30, தோஹாவிலும் ரியாத்திலும் 9.30. வேலை முடித்து அறைக்கு வந்து ஃபோனில் ரேடியோ ஆப்பைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் நேரம் அது. லண்டனில் மாலை, டொராண்டோவில் மத்தியானம் தாண்டியிருக்கும். ஆக உள்ளூரில் தனிமையில் விழித்திருப்பவரும் ஊரை நினைத்துக் கிடப்பவரும்தான் உங்கள் சபை. அரசியலைவிட வீட்டு விஷயம்தான் இந்தச் சபையைக் கிளப்பும்: சீதனம், வெளிநாட்டுக் காசு, பெற்றோரை யார் பார்ப்பது, வாடகைக்கு வீடு கொடுக்கும்போது கேட்கிற கேள்விகள்.

தலைப்பை ஒரே வசனத்தில், ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லக் கூடியதாக எழுதுங்கள். "இளைஞரும் புலம்பெயர் பொருளாதாரமும்" என்றால் ஒரு தொலைபேசிக் கோலும் வராது. "வெளிநாட்டுக் காசில் வளர்ந்த பிள்ளை சோம்பேறி" என்றால் ஆறு லைனும் நிறையும்.

ஆறு லைன் நிறைந்தால் அதில் இரண்டுதான் நல்லது. அதைப் பிரிப்பது தயாரிப்பாளரின் வேலை. கோலை எடுத்து அவர் குறிக்க வேண்டியவை: பெயர், பகுதி (வீட்டு இலக்கமும் வேலை செய்யும் கடையின் பெயரும் வேண்டாம்), என்ன சொல்லப் போகிறார் என்பது ஒரு வரியில், குடித்திருக்கிறாரா, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டாரா, ஸ்பீக்கரில் கதைக்கிறாரா. கடைசி இரண்டையும் அலட்சியம் செய்கிறவர்கள் அதிகம். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் நேயருக்குத் தன் குரலே எட்டு வினாடி பிந்திக் கேட்கும், பேச்சு தடுமாறும். ஸ்பீக்கரில் கதைத்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக் குரல்தான் போகும். நீங்கள் குறுக்கே பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். குறுக்கே பேசத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் பாதி. ஆகவே "ஃபோனைக் காதில் வையுங்கள்" என்பது கட்டாயம்.

கருவிப் பக்கம் சுருக்கமாக. லைனைக் கன்சோலோடு, அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசையோடு, இணைக்கும் கருவி ஹைப்ரிட். நேயருக்குத் திரும்பிப் போகும் ஒலியில் அவருடைய குரல் இருக்கக் கூடாது. அதைக் கழித்து மீதியை அனுப்புவதற்கு மிக்ஸ் மைனஸ் என்று பேர். எதிரொலி வந்தால் முதலில் அங்கே பாருங்கள். சாதாரணத் தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தும். ச, ஸ, ஃப எல்லாம் மழுங்கிவிடும், பெயர்கள் பிழையாகக் கேட்கும். அதனால் நேயர் சொன்ன முக்கிய வசனத்தை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்பவருக்கும் தெளிவு, நேயருக்கும் "நான் அப்படிச் சொல்லேல்லை" என்று நழுவ இடமில்லை.

சீண்டுவது எப்படி? ஒரு கோலைக் கிட்டப் பார்ப்போம், உதாரணத்துக்குத்தான். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெரியவர்:

"இந்தக் காலத்துப் பெடியள் எல்லாம் காவாலியள், தம்பி. வெளிநாட்டுக் காசிலை திண்டு திரியுதுகள்."

"ஐயா, உங்கட மகன் எங்க இருக்கிறார்?"

"அவன் கனடாவிலை."

"மாதா மாதம் அனுப்புறாரோ?"

"ம்... அனுப்புறவன்தான்."

"அப்ப வெளிநாட்டுக் காசிலை சாப்பிடுறது ஆர் ஐயா?"

இதற்குப் பிறகு அறிவிப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சிரிக்கக் கூடாது, பாட்டைப் போடக் கூடாது. இரண்டு மூன்று வினாடி அமைதி. அந்த அமைதியில்தான் அடுத்த இருபது கோலும் வரும். கவனியுங்கள், மூன்று கேள்வியிலும் ஒரு ஏச்சுச் சொல் இல்லை, "ஐயா"வைக் கடைசிவரை விடவும் இல்லை. மரியாதைச் சொல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேள்வியைக் கூராக்குவதுதான் தமிழில் எடுபடும். "நீ" என்று இறங்கிய அடுத்த நிமிடமே நேயர்கள் அந்தப் பெரியவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இலங்கை வானொலியின் மயில்வாகனம், அப்துல் ஹமீத் குரல்களில் வளர்ந்த காதுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. ழ, ள தடுமாறினாலே கடிதம் போடுகிறவர்கள் ஏச்சை மன்னிப்பார்களா?

பேச்சு வழக்கைக் கிண்டல் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் மட்டக்களப்பாரும் முஸ்லிம்களும் ஒரே அலைவரிசையில் கேட்கும் ஊர் கொழும்பு. அண்ணை, அண்ணே, நானா எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் வரும். நேயர் எந்தச் சொல்லால் தன்னைச் சொல்கிறாரோ அதே சொல்லால் கூப்பிடுங்கள். ஒருவரின் கருத்தைத் தாக்கினால் அவர் ஒருவர்தான் கோபிப்பார். உச்சரிப்பைத் தாக்கினால் ஊரே கோபிக்கும்.

இனி அந்த எட்டு வினாடி. நேரலை என்று சொன்னாலும் ஒலி ஒரு டிலே கருவியில் தங்கித்தான் வெளியே போக வேண்டும். 1950களில் அமெரிக்காவில் நாடாச் சுருளை வைத்துச் செய்தார்கள். 1977 இல் ஈவென்டைட் நிறுவனம் டிஜிட்டல் கருவியைக் கொண்டுவந்தது. நேயர் தூஷணம் பேசினால் டம்ப் பட்டனை அமுக்க, தங்கியிருக்கும் எட்டு வினாடியும் வெட்டப்பட்டு நிகழ்ச்சி உடனடி நேரத்துக்குத் தாவும்.

பிழைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலாவது, அமுக்கியதும் டிலே பூச்சியம். பாதுகாப்பு இல்லாமல் நிற்கிறீர்கள். கருவி ஒலியை மெல்ல இழுத்து டிலேயைத் திரும்பச் சேர்க்கும். பத்து வீதம் இழுத்தால் எட்டு வினாடி சேர 80 வினாடி வேண்டும். அதுவரை கோல் எடுக்காமல் நீங்களே கதையுங்கள், அல்லது ஒரு பாட்டு. எட்டை நாலும் நாலுமாகப் பிரித்து வெட்டும் வசதி இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை அமுக்க மிச்சமிருக்கும். இரண்டாவது, வெட்டிய பிறகு "இப்படியான வார்த்தையெல்லாம் பாவிக்காதீங்க" என்று கண்டிப்பது. வெளியே யாருக்கும் அந்த வார்த்தை கேட்கவில்லை, நீங்களே விளம்பரம் செய்கிறீர்கள். மூன்றாவது புதுக் காலத்துப் பிழை: ஸ்டூடியோவில் ஃபேஸ்புக் நேரலைக்குக் கமரா வைத்து, அதற்கான ஒலியைக் கன்சோலிலிருந்து நேரே எடுப்பது. எஃப்எம்மில் வெட்டிய தூஷணம் ஃபேஸ்புக்கில் முழுதாகப் போகும். கமராவுக்கும் டிலேக்குப் பிந்திய ஒலியையே கொடுங்கள், படத்தையும் அதே அளவு பிந்த வையுங்கள்.

பட்டன் யார் கையில்? தயாரிப்பாளர் கையில். சண்டையில் இருப்பவருக்கு எது எல்லை என்று தெரியாது.

தூஷணத்தைவிட வதந்தி ஆபத்து. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் வருகிறார்கள் என்ற கிறீஸ் பூதம் பீதி பரவியபோது, சந்தேகத்தில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அப்படியான ஓர் இரவில் "எங்கட லேனில ஒருத்தன் ஓடுறான்" என்று கோல் வந்தால் அதை ஒலிபரப்பவே கூடாது. தயாரிப்பாளர் பொலிஸின் 119க்கு எடுக்கச் சொல்லிவிட்டு லைனை வைக்க வேண்டும். மூன்றாம் ஆளின் பெயர், கடை, பள்ளிவாசல், கோயில் எது வந்தாலும் டம்ப். இன, மதப் பகையைத் தூண்டினால் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய) சட்டம் இருக்கிறது. அதில் பிணை மேல் நீதிமன்றத்தில்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம், நேயர் தன் வாயால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொன்னாலும் ஒலிபரப்பியது நீங்கள்தான். தேர்தல் காலத்தில் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல் வந்ததும் அச்சடித்து கன்சோலில் ஒட்டுங்கள். ஜேம்ஸ் வேலின் கதை ஞாபகம் இருக்கட்டும்.

நேயர் பக்கம் சட்டம் பேசும் இடமும் உண்டு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு நேரலை நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியபோது, அதில் பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 1996 இல் தீர்ப்புச் சொன்னது. லைனில் இருப்பவர் உங்களுக்குக் கிடைத்த வேடிக்கைப் பொருள் அல்ல, உரிமையோடு வந்திருக்கிறார்.

ஒரு கோல் மட்டும் இந்த விளையாட்டுக்கே வெளியே. நள்ளிரவில் "இனி இருந்து என்ன" என்று ஒருவர் தொடங்கினால் சீண்டலை அந்த நொடியே விடுங்கள். ஒலிபரப்பிலிருந்து இறக்கி, லைனை வெட்டாமல் தயாரிப்பாளரிடம் கொடுங்கள். அவர் தனியே கதைத்தபடி 1926 தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கொடுக்கட்டும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். நீங்கள் ஒலிவாங்கியில் ஆறுதல் பிரசங்கம் செய்ய வேண்டாம், அடுத்த பாட்டு சோகப் பாட்டாகவும் வேண்டாம். தயாரிப்பாளர் இல்லாமல் தனியாளாக இரவு நிகழ்ச்சி செய்யச் சொன்னால், இந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்கலாம்.

காலம் எத்தனை? இரவு விளம்பரம் மலிவு, சர்ச்சை என்றால் அனுசரணையாளர் ஒதுங்குவார். அதனால் பகலில் செய்தியோ குரல் பதிவோ ஒன்றை விடாமல் வைத்திருங்கள். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற பகுதிநேர ஒப்பந்தமா, மாதச் சம்பளமா என்று கேளுங்கள். சம்பளம் என்றால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8, நிறுவனத்திடம் 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) நிறுவனத்திடமே 3 வீதம். இரவு இரண்டு மணிக்கு வீட்டில் கொண்டுபோய் விடும் வாகனத்தையும் எழுத்தில் கேளுங்கள். பேர்கை நினைத்துச் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் வெளியே வராதீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முழுப் பதிவும், தயாரிப்பாளர் எழுதிய கோல் தாளும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். முறைப்பாடு வருவது பெரும்பாலும் யாரோ வெட்டி வட்ஸ்அப்பில் விட்ட முப்பது வினாடியை வைத்துத்தான். அதற்கு முந்திய நாலு நிமிடத்தை நீங்கள்தான் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும்.