சிறைத் தண்டனை முடிந்துவிட்டால் அப்பீலும் முடிந்துவிடுமா?

கேள்வி: என் தங்கை மகன் கலிபோர்னியாவில் மாநிலச் சிறையில் இருக்கிறான். மாநில வழக்கில் 6 வருடம், ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கில் 40 மாதம். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று உத்தரவு. 40 மாதம் அதிகம் என்று போட்ட அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே அந்தத் தண்டனை முடியப்போகிறது. வழக்கு ‘மூட்’ (தீர்ப்பு சொல்லியும் பயனில்லாதது) ஆகிவிடும், தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறார் அரசு வக்கீல். வாபஸ் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் ஃபெடரல் தீர்ப்பின் நகலை எடுத்துப் பாருங்கள். ‘ஏககாலத்தில்’ என்று சொன்னது எந்த நீதிபதி? குடும்பங்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இதுதான். மாநில நீதிபதி மட்டும் சொல்லியிருந்தால் அது ஃபெடரல் சிறைத்துறையைக் கட்டுப்படுத்தாது. வெவ்வேறு சமயங்களில் விதித்த தண்டனைகள், கோர்ட் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அப்படியானால் அந்த 40 மாதம் இன்னும் தொடங்கவே இல்லை என்று சிறைத்துறை கணக்குப் போட்டிருக்கலாம். அது கெட்ட செய்திதான், ஆனால் அப்பீல் மூட் ஆகாது.

ஃபெடரல் நீதிபதியே சொல்லியிருக்கிறார் என்றால், சரி, அரசு வக்கீலின் வாதத்துக்கு வருவோம். தீர்ப்பால் கட்சிக்காரருக்கு எந்த மாற்றமும் வராத வழக்கை ஃபெடரல் கோர்ட் விசாரிக்க முடியாது; அதைத்தான் மூட் என்கிறார்கள். குற்றத் தீர்ப்பையே எதிர்த்திருந்தால் கவலை குறைவு. அந்தக் களங்கம் வேலை, வாக்குரிமை, கிரீன் கார்டு என்று பின்தொடரும் என்பதை 1968-ல் சிப்ரான் வழக்கிலிருந்தே கோர்ட்டுகள் ஏற்கின்றன. தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்தால் அந்தச் சலுகை கிடையாது. 1982-ல் லேன் வழக்கில் தண்டனை முழுவதும் முடிந்துவிட்டதால் மூட் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது.

‘முழுவதும்’ என்பதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். ஃபெடரல் தண்டனைகளில் பெரும்பாலும் சிறைக்குப் பின் சில வருடம் ‘சூப்பர்வைஸ்டு ரிலீஸ்’ எனும் கண்காணிப்புக் காலம் இருக்கும். அதுவும் தண்டனையின் பகுதிதான். இன்னொரு வழக்கில் தண்டனைக் கைதியாக 30 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உள்ளே இருந்தால் அந்தக் கடிகாரம் ஓடாது. ஆக, மாநிலத் தண்டனை முடிகிறவரை உங்கள் பையனுக்கு அது அப்படியே பாக்கி. அப்பீலில் ஜெயித்தால் கீழ்க்கோர்ட் அதைக் குறைக்கலாம். கலிபோர்னியா அடங்கும் ஒன்பதாவது சர்க்யூட் எனும் ஃபெடரல் அப்பீல் கோர்ட், இந்த வாய்ப்பு இருக்கும்வரை வழக்கு உயிரோடிருக்கிறது என்று 2005-ல் முஜாஹித் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்று. அதிகமாக உள்ளே இருந்த நாட்கள் கண்காணிப்புக் காலத்தில் தானாகக் கழியாது. 2000-ல் உச்ச நீதிமன்றம் ஜான்சன் வழக்கில் சொல்லிவிட்டது. நீதிபதி மனது வைத்துக் குறைக்க வேண்டும். அதிலும், ‘இவர் மாநிலத் தண்டனைக்காக எப்படியும் உள்ளேதானே இருந்தார்’ என்று அரசுத் தரப்பு கேட்கும். உண்மையில் வலுவான கேள்வி அது. வழக்கை உயிரோடு வைப்பது சுலபம், பலன் பெறுவதுதான் கஷ்டம்.

அதனால் வக்கீலிடம் இன்றே கேளுங்கள்: கண்காணிப்புக் காலத்தைக் குறைக்கவும் மனுவில் கேட்டிருக்கிறாரா, வெறும் 40 மாதத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாரா? தள்ளுபடி மனுவுக்கான பதிலில் அந்தக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்பதைத் தீர்ப்பு நகலோடு காட்டச் சொல்லுங்கள். சீக்கிரம் விசாரிக்கச் சொல்லித் தனி மனு போடவும் வழி உண்டு.