ஐ.பி.சி. போனது, மாநில அதிகாரமும் போனதா?

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.), 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம், இவற்றோடு 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் எனக்கு இதுபற்றி வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

என் மைத்துனர் மீதான அடிதடி வழக்கு 2022 முதல் மேலூர் கோர்ட்டில் நடக்கிறது. புதிய சட்டத்துக்கு மாறிவிடுமா?

மாறாது. குற்றம் எது, தண்டனை எவ்வளவு என்பதற்குச் சம்பவம் நடந்த நாள்தான் கணக்கு. 2024 ஜூலை 1-க்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய நடைமுறைப்படியே முடியும். வாய்தா தவறாமல் போய் வரச் சொல்லுங்கள்.

போலீஸ் மாநிலத்தின் கையில்தானே இருக்கிறது? இந்தச் சட்டங்களை ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு சொல்ல முடியாதா? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

காவல், பொது ஒழுங்கு, சிறை மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் குற்றவியல் சட்டம், அதன் நடைமுறை, சாட்சியம் மூன்றும் மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியல். அங்கே இரண்டு சட்டங்கள் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் மட்டும் அந்த மாநிலத்துக்குள் செல்லும். அரசமைப்பின் 254(2) தரும் வழி அது. ஆகவே மறுக்க முடியாது, திருத்தலாம். அதற்காகத்தான் 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்யநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களும் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறின.

எனக்குள்ள கவலை வேறு. புதிய சட்டப்படி சோதனை, பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆள் நேரில் வர வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் கருவியும் ஆளும் மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டியவை. பணத்தைப் பற்றிப் பேசாமல் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

வெள்ளைக்காரன் காலச் சட்டத்தையெல்லாம் எடுக்கிறார்களே, எங்கள் ஜல்லிக்கட்டுச் சட்டமும் போய்விடுமா? (காளை வளர்ப்பவர், பாலமேடு)

ஜல்லிக்கட்டுக்கு அடிப்படையான மிருகவதைத் தடுப்புச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டதல்ல, 1960-ல் நம் நாடாளுமன்றம் இயற்றியது; 1890-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது.

2009-ல் தமிழ்நாடு தனியாக ஒரு ஜல்லிக்கட்டுச் சட்டம் போட்டது. மத்தியச் சட்டத்துக்கு முரண் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தைப்பொங்கல்களில் வாடிவாசல் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் பாதை மாறியது: 1960 சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றார்கள். 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது.

இப்போது ஆபத்து எங்கே என்று பாருங்கள். நம் திருத்தம் 1960 சட்டத்தின் மேல் நிற்கிறது. நாளை நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று இயற்றினால், திருத்தமும் சேர்ந்து விழும். புதிய சட்டமே அதைக் காப்பாற்றினால் ஒழிய, மறுபடி சட்டமன்றம், மறுபடி டெல்லி ஒப்புதல் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தையும் மாற்றவோ நீக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதே 254 இடம் தருகிறது. அப்படியொரு மசோதா எப்போது வந்தாலும், கடைசியில் இருக்கும் ‘நீக்கமும் காப்பும்’ பிரிவை முதலில் படியுங்கள். உங்கள் காளையின் கதி அந்த நாலு வரியில்தான் இருக்கும்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்ததால் உட்காரும் உரிமை போய்விட்டது என்கிறார் முதலாளி. உண்மையா? (ஜவுளிக்கடை ஊழியர், விளக்குத்தூண்)

இல்லை. 2025 நவம்பர் 21-ல் வந்த நான்கு தொகுப்புகளும் நீக்கியது 29 மத்தியச் சட்டங்களை. நீங்கள் உட்காரும் உரிமை, தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவில் இருக்கிறது; அது மாநிலச் சட்டம், அந்தப் பட்டியலில் இல்லை. நாற்காலி போடவில்லையென்றால் தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள்.